வழக்கம்போலக் கழுவினேன்

1

சுங்க அலுவலகத்திலிருந்து போன வாரம் ஒரு கடிதம் வந்தது. என் பெயருக்கு வந்த பார்சல் ஒன்றைத் தடுத்து வைத்திருக்கிறார்களாம். உள்ளே இருப்பது, "பச்சை நிறத் தூள், இரண்டு கிலோ, தன்மை தெரியவில்லை." ஏழு நாட்களுக்குள் அடையாள அட்டையோடு நேரில் வந்து விளக்க வேண்டும். வராவிட்டால் அழித்துவிடுவார்கள்.

தன்மை தெரியவில்லையாம். சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அது அரப்பு. எங்கள் பக்கம் காட்டு வேலியோரம் நிற்கிற மரத்தின் இலை. நிழலில் காயவைத்து, இடித்து, சலித்து டப்பாவில் போட்டு வைப்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தண்ணீரில் கரைத்துத் தலையில் தேய்த்தால் பிசுக்கு அத்தனையும் போய்விடும். கொஞ்சம் நுரைக்கும். பச்சைப் புல்லைக் கசக்கிய மாதிரி ஒரு வாசனை வரும்.

நான் மேற்கு ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கொரு முறை ஊரிலிருந்து என் அக்கா பாவாயி துணிப்பையில் தைத்து அரப்பு அனுப்பிவிடுவாள். பாதி தடவை சுங்கத்தில் நிற்கும். முதல் தடவை நானே போய்ப் பேசினேன். அவர்கள் மொழியைக் கற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வினைச்சொல்லை மாற்றிப் போட்டு, "இந்த மரத்தைக் கொண்டு சனிக்கிழமைதோறும் என் மனைவியைத் துவைப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அதிகாரி என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

இந்தத் தடவை கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தூளின் தன்மை தெரியாமல் நானும் ஒரு காலத்தில் இருந்தேன். தலை நரைக்கும் வயதுவரை அதில் குளித்தவன், அதோடு வேதியியல் படித்தவன். அப்படியும் தெரியாமல் இருந்ததால் முகம் அறியாத ஒரு பெண்ணின் பிழைப்பு போகப் பார்த்தது. அதை ஊர்க்காரர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. இப்போது எழுதுகிறேன்.

2

சேலத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவன், எழுபதுகளின் நடுவில் இங்கே ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். அவர் ஆறடிக்கு மேல் உயரம், சன்னமான குரல், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு ஆயுள் முழுவதும் ஒரே ஆசை. வெளிச்சம் பட்டால் மடங்குகிற மூலக்கூறு ஒன்றைத் தண்ணீரில் வேலை செய்ய வைக்க வேண்டும்.

கதவுக்குக் கீல் இருப்பதுபோல அந்த மூலக்கூறின் நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறது. வெளிச்சம் பட்டால் மடங்கும், இருட்டில் வைத்தால் நிமிரும். நிமிர்ந்திருக்கையில் அதன் நிறம் ஆரஞ்சு. மடங்கினால் வெளிர்மஞ்சள். சுவரில் இருக்கிற ஸ்விட்ச்சை நாம் விரலால் தட்டுகிறோம். இதை வெளிச்சத்தால் தட்டுகிறோம், அவ்வளவுதான். ஆல்கஹாலில் கரைத்தால் இது நன்றாக வேலை செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீரில் செய்யுமா என்பதில்தான் சண்டை.

ஏன் தண்ணீர் என்று கேட்கலாம். உயிருள்ளவை எல்லாம் தண்ணீரில்தான் நடக்கின்றன. நம் கண்ணுக்குள் வெளிச்சம் விழுந்து ஏதோ ஒன்று மடங்குவதால்தான் நாம் பார்க்கிறோம். கண் செய்வதை நாமும் ஒரு குடுவைத் தண்ணீரில் செய்துவிட்டால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த மூலக்கூறுக்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீரைக் கண்டால் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கிக்கொண்டு நிற்கும். திருச்செங்கோட்டுத் தேருக்குப் போகிற டவுன் பஸ்ஸில் காலை மடக்க முடியுமா? அந்த நிலைமைதான் அதற்கும்.

ஒரு சாரார், தண்ணீரிலும் மடங்கும், பொறுமையாகச் செய்ய வேண்டும் என்றார்கள். இன்னொரு சாரார், எப்போதாவது நிறம் மாறுவதும் விளக்கின் சூட்டினால், வெளிச்சத்தினால் இல்லை என்றார்கள். மூன்றாவது சாரார், தண்ணீரில் வேறு ஏதோ கலந்திருக்கிறது, சுத்தமான தண்ணீரில் இது நடக்கவே நடக்காது என்றார்கள். ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள், கூட்டங்களில் முகம் சிவக்கப் பேசினார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், வாலை வடித்த தண்ணீரில், அதாவது டிஸ்டில்டு வாட்டரில், நான் அதைச் செய்து காட்டினேன். விளக்கைப் போட்டால் மஞ்சள், அணைத்தால் ஆரஞ்சு. நூறு தடவை செய்தாலும் நூறு தடவையும் வந்தது. சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டேன். ஆகவே இரண்டாவது சாரார் வாயை மூடினார்கள். கட்டுரை வந்தது. பேராசிரியர் என் தோளைத் தட்டி, நிரந்தர வேலைக்கு என் பெயரை எழுதுவதாகச் சொன்னார். அன்றைக்கு என் மனைவி சரோஜா பாயசம் வைத்தாள்.

3

ஊரில் நான் ஒரு டம்ளரைக்கூடக் கழுவியவன் இல்லை. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுவார்கள். இங்கே ஆய்வகத்தில் அவரவர் கண்ணாடிக் குடுவையை அவரவரே கழுவ வேண்டும், பேராசிரியர் உட்பட. முதல் பனிக்காலத்தில் அங்கிருந்த சோப்புத் தண்ணீர் பட்டு என் விரல்கள் வெடித்து ரத்தம் வந்தது. மூடிகளுக்குப் பூசுகிற மசகோ எதற்கும் போகாது. சரோஜா கையைப் பார்த்துவிட்டு, "அரப்புல கழுவிப் பாருங்க, எண்ணெச் சட்டியே போவுது, இது போவாதா?" என்று ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். பளிச்சென்று போயிற்று. அதன்பிறகு நான் கழுவுகிற தொட்டியின் அடியில் பெயர் ஒட்டாத ஒரு டப்பா எப்போதும் இருந்தது.

அலசுவதையும் நான் யாரிடமும் கற்கவில்லை. அக்கா அலசுவதைப் பார்த்திருக்கிறேன், அது போதும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் கிணறு எண்பதடி ஆழம், அதிலும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் இரண்டு மைலுக்கு அப்பாலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாயில் வரும். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை முதல் சட்டியில் ஊற்றிச் சுழற்றுவாள். அதே தண்ணீரை இரண்டாவது சட்டிக்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு, கடைசியில் கறிவேப்பிலைச் செடிக்கு. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறவர்களை நாங்கள் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை.

வாலை வடித்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்தவனுக்கு அதைக் கொட்ட மனசு வருமா? நானும் ஒரு குடுவைத் தண்ணீரில் நாலு குடுவையை அலசினேன். மிச்சத்தை ஜன்னலோரச் செடிக்கு ஊற்றினேன். பக்கத்து மேசைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். செடி மட்டும் நன்றாக வளர்ந்தது.

4

கட்டுரை வந்த சில வாரங்களில் ஹாலந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் பெயர் மரிக்கே. என்னைவிடப் பத்து வயது இளையவளாக இருக்கலாம், என்னைப்போலவே நிரந்தரம் இல்லாத வேலை. நான் சொன்னபடியே செய்து பார்த்தும் நிறம் மாறவில்லை என்று எழுதியிருந்தாள். கூடவே பன்னிரண்டு கேள்விகள். விளக்கு எத்தகையது, தண்ணீர் எந்த வாலையில் வடித்தது, அறையின் வெப்பம் என்ன என்று ஒவ்வொன்றாக. ஒன்பதாவது கேள்வி: "குடுவைகளை எப்படிக் கழுவுகிறீர்கள்?"

பன்னிரண்டுக்கும் பதில் எழுதினேன். விளக்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். ஒன்பதாவதற்கு ஒரே சொல்: "வழக்கம்போல." மறைக்க நினைத்து எழுதவில்லை. கேள்வியே வேடிக்கையாக இருந்தது. கழுவுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அவள் திரும்பவும் செய்தாள், திரும்பவும் வரவில்லை. வரவில்லை என்று பத்திரிகைக்கு ஒரு சிறு கடிதம் எழுதினாள். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது என் பேராசிரியர் எழுந்து, "என் ஆய்வகத்தில் இவரைப்போலச் சுத்தமாகக் கழுவுகிறவர் இல்லை. அந்த அம்மையார் தம் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். அறையே சிரித்தது. மரிக்கே அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை. நான் முன்வரிசையில் இருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கோடை விடுமுறையில் ஒரு நாள் என் மகள் கவிதாவை ஆய்வகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் பேசினால் ஜெர்மனில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். தலையில் வாசனை அடிக்கிறது என்று பள்ளியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து சனிக்கிழமை குளியல் என்றாலே அழுகை. ஊரில் ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி. இங்கே பள்ளிக்கூடம் இருப்பதால் எல்லோருக்கும் சனிதான். கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு குடுவையை எடுத்து மூக்கில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, இதுல சனிக்கிழமை இருக்கு" என்றாள்.

நான் சிரித்துவிட்டுக் குடுவையை வாங்கி வைத்தேன். அன்றே ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

5

அடுத்த தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் நான்தான் செய்ய வேண்டும். நிரந்தர வேலைக்கான தேர்வுக் குழு கூடுவதற்கு முன் திரும்பிவிடலாம் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். வெளிநாட்டில் என்னதான் செய்கிறான் என்று எல்லோரும் கேட்பார்களே, காட்டலாம் என்று ஒரு சின்னக் குப்பியில், ஆல்கஹாலில் கரைத்த அந்த ஆரஞ்சுக் கரைசலை எடுத்துப் போனேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். அக்காவின் கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா, அதாவது அக்காவின் கணவர், இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். பேட்டரிக்கு ஊற்ற வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலை அவரிடம் கேட்டு வாங்கினேன். கல்யாணச் சபைக்காக வாங்கிய புதுக் கண்ணாடி டம்ளர்களில் ஒன்றை எடுத்து, மோட்டார் ஓடிக்கொண்டிருந்த தொட்டியில் நன்றாகக் கழுவினேன். டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைத்தேன். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள்.

ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருந்தது. காப்பி குடித்து முடித்தும் மாறவில்லை.

"சுச்சுப் போட்டீங்க, கரண்டு இல்லையாட்ட இருக்குதுங் மாப்ள" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னொரு புது டம்ளரை எடுத்தேன். அதிலும் வரவில்லை. மூன்றாவதை எடுக்கப் போனபோது அக்கா வந்துவிட்டாள்.

"ஏஞ்சாமி, புது டம்ளரையெல்லாம் சாயமாக்கிப் போடாத. நாளைக்குச் சபைக்கு வேணும். இந்தா, இது பழசு, இதுல பண்ணு" என்று சமையல்கட்டிலிருந்து ஒரு பழைய டம்ளரைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

அதில் ஊற்றி வெயிலில் வைத்தேன். கண்ணெதிரே ஆரஞ்சு வெளுத்து மஞ்சளானது. நெல் மூட்டை அடுக்கியிருந்த இருட்டறைக்குள் கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தேன். மெல்ல ஆரஞ்சு திரும்பி வந்தது.

"ஏனுங்க, வெயிலு அடிக்குதுன்னு தண்ணிக்கு எப்புடிங்க தெரியுது?" என்று பக்கத்துக் காட்டு அம்மா ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இத எதுல கழுவுன?"

"எதுல கழுவுவாங்க? எண்ணெ ஊத்தி வெச்சிருந்த டம்ளரு, அரப்புப் போட்டுக் கழுவுனேன்."

"எத்தன தடவ அலசுன?"

"எத்தன தடவையா? சட்டி அலசுன தண்ணிய இதுல ஊத்தி ஒரு சுத்துச் சுத்துனேன். உனக்குத் தெரியாததா?" என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், சுத்தமாத்தான கழுவியிருக்குது?" என்றாள். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

அரப்பைக் கரைத்து, வேட்டி நுனியில் வடிகட்டி, நிறம் மாறாத புது டம்ளரில் நாலு சொட்டு விட்டேன். வெயிலில் வைத்தேன். மாறியது. அரப்பின் நுரை ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியே பிரித்து, கால் மடக்க இடம் கொடுத்திருக்கிறது. இத்தனை ஆண்டும் என் குடுவைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது அதுதான். மூன்றாவது சாரார் சொன்னது சரி. மரிக்கே செய்தது சரி. அவள் கேட்ட ஒன்பதாவது கேள்வி மட்டும்தான் சரியான கேள்வி.

"தாய்மாமன் எங்கப்பா? சீர்த்தட்டு எடுக்க நேரமாச்சு" என்று பந்தலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டம்ளரைக் கையில் வைத்தபடி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். தோற்றுப்போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கேட்டவளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் எழுதியதும், அந்தச் சிரிப்பில் பெருமைப்பட்டு உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

6

திரும்பி வந்ததும் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் அரப்பு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூடியைத் திருகி மூடி மேசைமேல் வைத்தார்.

"தேர்வுக் குழு மூன்று வாரத்தில் கூடுகிறது" என்றார் பிறகு. "அதற்குப் பின் திருத்தம் வெளியிடலாம். பொய் சொல்லும்படி உங்களிடம் யாரும் கேட்கவில்லை. மூன்று வாரம் பேசாமல் இருங்கள், போதும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் நிலைமை அவருக்குத் தெரியும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் தங்கும் அனுமதி வருகிற கோடையோடு முடிவதாக இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மையார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: நிரந்தர வேலைக்கான கடிதம் கொண்டுவந்தால் நிரந்தர அனுமதி, இல்லாவிட்டால் ஆறு மாதம், அதன்பின் பார்க்கலாம். அவர் மேசையில் இரண்டு முத்திரைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

வீட்டில் சொன்னேன். "மூணு வாரந்தானுங்களே" என்றாள் சரோஜா. "கவிதா பள்ளிக்கூடத்த நெனச்சுப் பாருங்க. அவளுக்கு இப்ப ஊருக்குப் போனா ஒரு எழுத்துப் படிக்கத் தெரியுமா?" அவள் சொன்னதிலும் தப்பில்லை. நான் பேசாமல் இருந்தேன். ஒரு வாரம் இருந்தேன். அந்த வாரம் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை. தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தேன், கிண்ணத்தில் அரப்பு ஊறிக்கொண்டிருந்தது. தபால்காரர் மரிக்கேயின் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனார். நாலே வரி. தன் கையில்தான் பிழை என்று ஏற்றுக்கொள்வதாகவும், பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைத் திங்கட்கிழமை திரும்பப் பெறப்போவதாகவும், அதற்குப் பிறகு ஆய்வு வேலையை விட்டுவிட முடிவு செய்திருப்பதாகவும் எழுதியிருந்தாள். இவ்வளவு நாள் தொந்தரவு கொடுத்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தாள்.

சரோஜாவுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரி வந்ததும் அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

"போன் பண்ணிருங்க" என்றாள்.

எண்ணெய்த் தலையோடு போனை எடுத்தேன். கடிதத் தலைப்பில் அவள் வீட்டுப் போன் எண் இருந்தது. அவள்தான் எடுத்தாள். இலை, தூள், டப்பா, டம்ளர் எல்லாவற்றையும் ஜெர்மனில், தப்புத் தப்பான இலக்கணத்தில் சொல்லி முடித்தேன்.

"இலையா?" என்றாள்.

"ஆமாம். எங்கள் ஊர் இலை."

"எத்தனை முறை அலசுவீர்கள்?"

"ஒரு முறை."

"ஒரே ஒரு முறையா?"

"ஒரே தண்ணீரில் நாலு குடுவை. எங்கள் ஊரில் அப்படித்தான்."

"நான் பதினோரு முறை அலசுவேன்" என்றாள். பிறகு, "எட்டு மாதமாக என் கைகளை நான் நம்பவில்லை" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு ஜெர்மனில் இரண்டு சொற்கள் உண்டு, ஒன்று சிறிய தவறுக்கு, ஒன்று பெரிய தவறுக்கு. எது எதற்கு என்று அந்த நேரத்தில் மறந்துவிட்டதால் இரண்டையும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த இலையைக் கொஞ்சம் அனுப்புங்கள்" என்றாள்.

7

மரிக்கேயும் நானும் சேர்ந்து ஒரு சின்னக் குறிப்பு எழுதினோம். தண்ணீரில் மட்டும் அது மடங்காது, இந்த இலையின் சாறு துளி இருந்தால் மடங்கும், மடக்குவது வெளிச்சம்தான், சூடு இல்லை. இவ்வளவுதான் அதில் இருந்தது. குடுவை கழுவும் முறையை ஒரு முழுப் பத்தியாக எழுதினோம். அந்தப் பத்தியை நான் எழுதினேன், அவள் திருத்தினாள். சண்டை அதோடு ஓயவில்லை. இலைச்சாறு கலந்ததைத் தண்ணீர் என்று சொல்லலாமா என்று புதிதாகத் தொடங்கிவிட்டார்கள். கண்ணுக்குள் இருப்பதும் வெறும் தண்ணீரா என்று கேட்டு நான்கூட ஒரு கடிதம் எழுதினேன்.

நிரந்தர வேலை வேறொருவருக்குப் போயிற்று. பேராசிரியர் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை, ஆனால் தோளைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். வெளிநாட்டவர் அலுவலகத்து அம்மையார் ஆறு மாத முத்திரையைக் குத்தினார். அப்புறம் இன்னொரு ஆறு மாதம். நாலாவது முத்திரைக்குள் இந்த ஊர்க் குடிநீர் நிலையத்தில் வேலை கிடைத்தது. தண்ணீரைச் சோதித்துச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுக்க மழை தூறும் ஊரில், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். மரிக்கே இப்போது சொந்தமாக ஒரு ஆய்வுக் குழு வைத்திருக்கிறாள்.

அந்தக் குறிப்பு வந்த சமயத்தில், மாமாவின் லாரி ஆபீஸ் போனிலிருந்து அக்கா பேசினாள். நடந்ததை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

"அந்தப் புள்ளைக்கு வேல போவுலயில்ல?"

"போவுலக்கா."

"அது போதும். என்ற அரப்பு மேல பழி வந்துருச்சோன்னு நெனச்சேன். இப்ப எதுல கழுவற?"

"இவங்க குடுக்கற சோப்புல. பதினோரு தடவ அலசறேன்."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"பதினோரு தடவையா? அத்தன தண்ணியும் எங்க சாமி போவுது?"

"சாக்கடையில போயி ஆத்துல சேந்துருதுக்கா."

"ஒரு செடிக்காச்சும் ஊத்து" என்றாள்.

8

நேற்று சுங்க அலுவலகத்துக்குப் போனோம். கவிதாவையும் கூட்டிப் போனேன். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. தலைக்கு ஷாம்புதான் போடுகிறாள். தமிழ் பேசச் சொன்னால் நான்கு வார்த்தைக்கு மேல் நடக்காது. எங்களோடு வெளியே வருவதென்றால் இரண்டடி தள்ளித்தான் நடப்பாள். பேச்சுத் துணைக்கு வா என்று கெஞ்சியதால் வந்தாள்.

அதிகாரி இளைஞர். துணிப்பையை மேசைமேல் வைத்து, ஒரு படிவத்தை நீட்டினார். பொருளின் பெயர், செய்யப்பட்ட விதம், பயன். பெயரை எழுதினேன். காய்ந்த இலைத் தூள் என்று எழுதினேன். பயன் என்ற இடத்தில், பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில், "வழக்கமான வீட்டு உபயோகம்" என்று எழுதிவிட்டு அடியில் கையெழுத்துப் போடப் போனேன்.

கவிதா என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

"அப்பா, இது எழுத வேண்டாம்" என்றாள் தமிழில். "யாருக்கு வழக்கம்? அவருக்கு இல்ல."

நான் எழுதியதை ஒரு கோட்டால் அடித்தாள். அதன் கீழே, பள்ளியில் பழகிய உருண்டை எழுத்தில், அவர்கள் மொழியில், ஒன்றுவிடாமல் எழுதினாள். மரத்தின் இலை. நிழலில் காயவைத்தது. தண்ணீரில் ஊறவைத்து, தலையில் எண்ணெய் போகத் தேய்ப்பது. கண்ணாடிப் பாத்திரம் கழுவக் கூடாது. அங்கே பேனா நின்றது. துணிப்பையின் தையலில் மூக்கை வைத்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை.

"அப்புறம் எத்தனை தடவை அலசணும்?" என்று கேட்டாள்.

"ஒரு தடவை" என்றேன்.

அதையும் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.